நாலாம் நம்பர் மீசை

தீயணைப்பு வண்டி பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், ஐந்தாம் வகுப்பில் யாருக்கும் மூளை இருந்த இடத்தில் இல்லை.

சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. முதுகில் மடக்கி வைத்த ஏணி. பக்கத்தில் பாம்பு போலச் சுருண்டு படுத்திருக்கும் தண்ணீர்க் குழாய். அது மைதானத்து மூலையில் போய் நின்றதும் மொத்த வகுப்பும் ஜன்னலில் தொங்கியது.

"ஜெயிக்கிற கிளாஸை அதுல ஏத்தி ஒரு ரவுண்டு! சைரனும் நாமளே அடிக்கலாமாம்!" என்று கத்தினான் ரேடியோ. அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. காலையில் திறக்கும் வாய் தூங்கும்போதுதான் மூடும்.

"ரெண்டு கிளாஸும் சமமா வந்தா?" என்று கேட்டாள் தராசு.

"வண்டி வந்த வழியே போயிடுமாம்."

தராசின் அம்மா சந்தையில் பழக்கடை வைத்திருக்கிறார். தராசு ஓர் ஆப்பிளைக் கையில் வாங்கினால் எடையைச் சொல்லிவிடுவாள். எதையும் அந்தத் தட்டில் கொஞ்சம், இந்தத் தட்டில் கொஞ்சம் வைத்துப் பார்க்காமல் நம்பவும் மாட்டாள். அதனால்தான் போட்டிக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏ பிரிவு முதலில் கைகாட்டியது அவளைத்தான். இரண்டாவது ரேடியோ. மூன்றாவது கண்ணாடி. சோடா பாட்டில் அடிப்பாகம் போலத் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள், அதிகம் பேச மாட்டாள், ஆனால் மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அவள் கண்ணில் படும்.

பி பிரிவின் தலைவன் கேப்டன். பெயரை அவனே அவனுக்கு வைத்துக்கொண்டான்.

பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, அரங்கத்து மேடையில் மைக்கைப் பிடித்தார். பின்னால் ஒரு கரும்பலகை. அதில் ஆறு வேலைகள்: போலீஸ் இன்ஸ்பெக்டர், நர்ஸ், நீதிபதி, தையல்காரர், ரொட்டி சுடுபவர், தீயணைப்பு வண்டி ஓட்டுநர்.

"இப்ப ஆறு பேர் மேடைக்கு வருவாங்க. யாருக்கு எந்த வேலைன்னு நீங்க கண்டுபிடிக்கணும். கை குலுக்கலாம், பேசலாம். வேலையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. இன்னொண்ணு, மேடையில புது விரிப்பு போட்டிருக்கு. எல்லாரும் செருப்பைப் படிக்கட்டுலயே விட்டுட்டுத்தான் ஏறணும்."

கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கண்டிப்பானது.

"உங்க சொந்தக்காரங்க யாராவது வந்திருந்தா, அந்த நம்பருக்கு என்ன வேலைன்னு நீங்க சொல்லக் கூடாது. கண்ணைக் காட்டினாகூட உங்க கிளாஸ் அவுட்."

ஆறு வேலை, ஆறு ஆள். சோடி சேர்த்தால் போதும். சொல்லும்போது சுலபம்தான். தர்ப்பூசணி வாங்குவதும் சொல்லும்போது சுலபம்தான், வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கும் வரை.

ஆறு பேரும் கழுத்தில் எண் அட்டையுடன் வரிசையாக ஏறி வந்தார்கள்.

ஒன்று, கோட்டும் டையும் போட்ட உயரமான மனிதர். படியச் சீவிய தலை. இரண்டு, கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் குள்ளமான பெண், தோளில் பூப்போட்ட கைப்பை. மூன்று, நீளமுடியும் கிழிந்த ஜீன்ஸுமாக ஓர் இளைஞன்.

நான்காவது ஆளைப் பார்த்ததும் தராசு இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

அகன்ற தோள். கதவை மறைக்கும் உடம்பு. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. அந்த மீசையைக் காலையில் சாப்பாட்டு மேசையில்தான் பார்த்திருந்தாள். "இன்னைக்கு எனக்குப் பகல் டியூட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய மீசை அது.

"அப்பா!" என்று அவள் வாய் முணுமுணுத்தது.

அப்பா மீசைக்குள் சிரித்தார்.

"ஏ பிரிவுக்கு அடிச்சது லாட்டரி!" என்று ரேடியோ அவள் முதுகில் ஒன்று வைத்தான். "நாலு உங்கப்பா! போலீஸ்! ஒரு விடை இப்பவே பையில!"

இங்கேதான் சங்கதி இருக்கிறது. தராசின் அப்பா போலீஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

பிறகு எப்படிப் போலீஸ் ஆனார்? போன வருடம் தராசு இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாள், கேப்டன் யாரையோ பார்த்து, "நர்ஸ் வேலையா? அதெல்லாம் அக்காங்க பாக்குற வேலை!" என்று கெக்கலித்துக்கொண்டிருந்தான். அன்று மாலை அவளை அழைத்துப்போக அப்பா வந்தார். அந்த மீசையைப் பார்த்த ஒருவன், "உங்கப்பா போலீஸா?" என்று கேட்டான். தராசு ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. புத்தகப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

அவ்வளவுதான். மறுநாள் அப்பா போலீஸ். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர். ரேடியோவின் ஒலிபரப்பில் அவர் ஒரு கையால் இரண்டு திருடர்களைத் தூக்கியவர் ஆனார். அது போதாதென்று ஒருநாள் ரேடியோ அவரிடமே போய், "அங்கிள், இன்னைக்கு எத்தனை பேரைப் பிடிச்சீங்க?" என்று கேட்டான். அவருக்கு அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியாது. ஊசியைப் பார்த்து ஓடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, "மூணு பேர் தப்பிக்கப் பாத்தாங்க. விடுவேனா? பிடிச்சு உக்கார வச்சுட்டோம்ல!" என்று சொல்லிவிட்டார்.

பொய் சொல்லாமலேயே ஒரு பொய் வளர்வதைத் தராசு ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதையும் போடவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. ஆனால் மரம் நின்றது.

மணி அடித்தது. இரண்டு அணிகளும் மேடை ஏறின.

"வாங்க வாங்க!" என்று ஐந்தாம் நம்பர் அட்டகாசமாகச் சிரித்தார். பருத்த உடம்பு, சாயம் போன சேலை, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அவரிடம் யார் முதலில் கை கொடுப்பது என்று ரேடியோவும் கேப்டனும் முட்டிக்கொண்டார்கள்.

"நான்தான் முதல்ல வந்தேன்!"

"டேய், நான் வந்தப்ப நீ படிக்கட்டுலதான் நின்னே!"

ஐந்தாம் நம்பர் கடலை மெல்வதை நிறுத்தினார். "ஒவ்வொருத்தரா. நீ சொல்லி முடி. அப்புறம் இவன். நடுவுல பேசினா ரெண்டு பேரையும் கேக்க மாட்டேன்." குரலை உயர்த்தவில்லை. ஆனால் இருவர் வாயும் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டன.

ஆறாம் நம்பர் நரைத்த கொண்டையும் ஒல்லி உடம்புமாக, மடியில் கம்பளி நூல் பின்னும் பையோடு உட்கார்ந்திருந்த பெண். "நல்லா இருக்கீங்களா பிள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார்.

நாலாம் நம்பரிடம் வந்தபோது தராசு தலையைக் குனிந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா, கை கொடுப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று உரசினார். பிறகு ரேடியோவின் உயரத்துக்கு ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கையை நீட்டினார். அடுத்துக் கண்ணாடிக்கும் அதேபோல. தினமும் காலையில் தராசை எழுப்பும்போதும் அப்படித்தான் செய்வார். குளிர்ந்த கை பட்டால் பிள்ளைகள் திடுக்கிட்டு விழிப்பார்கள் என்பதால் வார்டில் வந்த பழக்கம்.

தராசுக்கு அதைப் பார்த்ததும் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாதே!

பத்து நிமிடம் முடிந்தது. கீழே மேசைக்கு வந்து மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஆறு, தையல். நூல், ஊசி எல்லாம் பையிலயே இருக்கு" என்றான் ரேடியோ.

"எங்கம்மா பழத்தோட நிறத்தைப் பாக்கவே மாட்டாங்க" என்றாள் தராசு. "காம்பைத்தான் பாப்பாங்க. நிறத்துல ஏமாத்தலாம், காம்புல ஏமாத்த முடியாது. ஆறோட காம்பு எங்க இருக்கு?"

"படிக்கட்டுல" என்றாள் கண்ணாடி மெதுவாக.

"படிக்கட்டுலயா?"

"எல்லாரும் செருப்பை அப்படியே கழட்டிப் போட்டுட்டு ஏறினாங்க. ஆறு மட்டும் ஷூவைத் திருப்பி, வாசலைப் பாத்து, சேத்து வச்சிருக்காங்க. ஓடி வந்து காலை விட்டா அப்படியே கிளம்பிடலாம்."

ரேடியோவின் கண் விரிந்தது. "மணி அடிச்சா ஓடுற வேலை! தீயணைப்பு! ஐயோ, அந்த அம்மாவா அவ்ளோ பெரிய வண்டியை ஓட்டுறாங்க?"

"சத்தம் போடாதடா! பி பிரிவு காதைத் தீட்டிட்டு நிக்குது. அப்ப தையல் யாரு?"

"மூணு" என்றாள் கண்ணாடி. "ஜீன்ஸ் கிழிசல்தான். ஆனா கிழிசலைச் சுத்திப் பொடிப் பொடியா தையல் ஓடுது, மேல கிழியாம இருக்க. ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்தின புள்ளி."

இரண்டு விடை. தராசுக்கு உற்சாகம் தலைக்கேறியது. "ஒண்ணு, நீதிபதி. இதுல யோசிக்கவே வேணாம். கோட்டைப் பாருங்க, நிக்கிற தோரணையைப் பாருங்க!"

"கோட்டுக் கையைத் தூக்கினப்ப, மணிக்கட்டுல கோடு கோடா சுட்ட தழும்பு இருந்துச்சே" என்று இழுத்தாள் கண்ணாடி.

"நீதிபதி வீட்ல இஸ்திரிப் பெட்டி இருக்காதா? அஞ்சுதான் ரொட்டி. கையைப் பாத்தியா, மாவு பிசைஞ்ச கை!"

ரேடியோ எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவைச் சுழற்றினான். "மிச்சம் ரெண்டு. ரெண்டாம் நம்பர் அழகா சிரிக்கிறாங்க, அவங்க நர்ஸ். நாலாம் நம்பர் நம்ம இன்ஸ்பெக்டர். எழுதிடட்டுமா?"

பேனா தாளைத் தொடப்போனது.

"இரு!" என்றாள் தராசு.

"என்ன?"

தராசு வாயைத் திறந்தாள். மூடினாள். பேச வேண்டிய நாளில் பேசவில்லை. இன்று பேசலாமென்றால் விதி வாயைக் கட்டிவிட்டது. அப்பா நர்ஸ் என்று சொன்னால் வகுப்பே அவுட். சொல்லாவிட்டால் இரண்டு விடை போச்சு, வண்டியும் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. அப்பா எழுந்து நின்று, தான் நர்ஸ் என்று சொல்லும்போது, எல்லாரும் அவரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்களே! அவரும் பார்ப்பாரே!

அம்மாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விற்ற பழம் சொத்தை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், அம்மா கேள்வி கேட்க மாட்டார். கூட்டம் நின்றாலும் வெட்கப்பட மாட்டார். கையை நீட்டி வாங்கிக்கொள்வார்.

'சொத்தையை விக்காமலே வித்திருக்கேன். திருப்பி வாங்கிக்கத்தான் வேணும்.'

தராசு எழுந்து நேராகப் பெரிய டீச்சரிடம் போனாள். அவர் காதில் ஒரு நிமிடம் படபடவென்று கொட்டினாள். அவர் புருவம் ஏறியது, இறங்கியது.

"வேலை என்னன்னு உன் வாயிலேர்ந்து வரக் கூடாது" என்றார் கடைசியில். "மத்ததைச் சொல்லிக்கோ. ஆனா உன் கிளாஸுக்கு மட்டும் ரகசியமா இல்ல. மைக்ல, ரெண்டு கிளாஸுக்கும் சேத்துச் சொல்லு. சொல்லிட்டு, முடியிற வரைக்கும் என் பக்கத்துல உக்காந்துக்கணும். சம்மதமா?"

பேரம் கடினம்தான். ஆனால் நியாயமான பேரம்.

தராசு மைக்கைப் பிடித்தாள். மைக் 'கீச்' என்றது. முந்நூறு கண்கள். அதில் இரண்டு அப்பாவுடையவை.

"நாலாம் நம்பர் எங்கப்பா" என்றாள். "அவர் என்ன வேலை பாக்குறாருன்னு நீங்க எல்லாரும் ஒரு வருஷமா ஒண்ணு நினைச்சிட்டிருக்கீங்க. அதை நான் சொல்லல. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. கேட்ட அன்னைக்கே நிஜத்தைச் சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுட்டேன். அது என் தப்பு, எங்கப்பா தப்பு இல்ல. அதனால என்னை நம்பி எதுவும் எழுதாதீங்க. அவரைப் பாத்து எழுதுங்க."

அப்பாவின் மீசை அசையவில்லை. தராசு விறுவிறுவென்று போய்ப் பெரிய டீச்சர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து முழங்காலை எண்ணினாள். இரண்டுதான் இருந்தன.

பி பிரிவு மேசையில் கேப்டன் கைதட்டிச் சிரித்தான். "பாத்தீங்களாடா தந்திரத்தை! பழக்கடைக்காரி பொண்ணுடா அவ! வியாபாரி பேச்சுன்னா சும்மாவா? நம்மளைக் குழப்பி, சரியான விடையை அழிக்க வைக்கப் பாக்குறா. நாலு போலீஸ்தான். அப்படியே இருக்கட்டும்!"

ஏ பிரிவு மேசையில் ரேடியோ பேசவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து நடக்காத அதிசயம் அது.

"டேய்" என்றாள் கண்ணாடி. "மத்தவங்களுக்கெல்லாம் கையைப் பாத்தோம், விரலைப் பாத்தோம், ஷூவைக்கூடப் பாத்தோம். நாலாம் நம்பருக்கு மீசையைத் தவிர வேற எதைப் பாத்தோம்?"

ரேடியோ தலையைச் சொறிந்தான். "கை குடுக்கறதுக்கு முன்னாடி கையை உரசினாரு. குளிரே இல்லையே, எதுக்கு?"

"எனக்கும் உரசினாரு. கை சூடா, இதமா இருந்துச்சு. அப்புறம் மண்டி போட்டு என் உயரத்துக்கு வந்தாரு."

"சோப்பு வாசனை. நகம் ஒட்ட வெட்டியிருந்துச்சு."

"விரல் இடுக்கெல்லாம் வறண்டு வெடிச்சிருந்துச்சு. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவினா அப்படித்தான் ஆகும்."

"ரொட்டி சுடுறவரும்தான் கை கழுவுவாரு!"

"கழுவுவாரு. ஆனா கையைச் சூடு பண்ணிக்கிட்டா தொடுவாரு? மாவு திடுக்கிடுமா என்ன?"

ரேடியோ அவளைப் பார்த்தான். அவள் ரேடியோவைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மேடையைப் பார்த்தார்கள்.

"அப்ப போலீஸ்?" என்று கிசுகிசுத்தான் ரேடியோ. குழிவிழச் சிரிக்கும் இரண்டாம் நம்பர், நாற்காலியைப் பின்னால் நகர்த்திச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். சிரிப்பு பிள்ளைகள் பக்கம் இருந்தது. கண் மட்டும் மூன்று கதவுகளுக்கும் மாறி மாறிப் போய் வந்துகொண்டிருந்தது.

பேனா ஓடியது. மணி அடித்தது.

இரண்டு தாள்களையும் பெரிய டீச்சர் பலகையில் குத்தினார். "நம்பர் கூப்பிட்டதும் அவங்கவங்க வேலையைச் சொல்வாங்க. ஆறு!"

நரைத்த கொண்டை எழுந்தது. "தீயணைப்பு வண்டி ஓட்டுறேன். பதினெட்டு வருஷமா."

"ஓஓஓ!" என்று அரங்கம் அதிர்ந்தது. பி பிரிவு அவரைத் தையல்காரர் என்று எழுதியிருந்தது.

"மூணு!"

"தையல்காரன்" என்றான் நீளமுடி. "இந்த ஜீன்ஸைக் கிழிச்சதும் நான்தான், தச்சதும் நான்தான்."

ஏ பிரிவு இரண்டு, பி பிரிவு பூஜ்யம். ரேடியோ மேசைமேல் ஏறிவிட்டான்.

"ஒண்ணு!"

கோட்டுக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார். "ரொட்டி சுடுறேன். கோட்டு போடுற சந்தர்ப்பமே வராது. இன்னைக்கு வந்துச்சு, விடலாமா?" என்று கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் கோடு கோடாக அடுப்புத் தழும்பு.

தராசு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் காம்பைப் பார் என்று சொல்லிவிட்டு, அவளே நிறத்தைப் பார்த்து ஏமாந்திருந்தாள்! பி பிரிவு அந்தத் தழும்பைச் சரியாகப் பார்த்திருந்தது.

"அஞ்சு!"

கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார் அவர். "நீதிபதி. கொஞ்சம் முன்னாடி முட்டிக்கிட்ட அந்த ரெண்டு பேர் கேஸ் இன்னும் நிலுவையில இருக்கு."

இதையும் பி பிரிவு சரியாக எழுதியிருந்தது. இரண்டுக்கு இரண்டு. கேப்டன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். "நாலு போலீஸ், ரெண்டு நர்ஸ்! ஏறுங்கடா வண்டியில!"

"ரெண்டு!" என்றார் பெரிய டீச்சர்.

கன்னத்தில் குழி விழுந்தது. பூப்போட்ட கைப்பையிலிருந்து ஒரு அடையாள அட்டை வெளியே வந்தது.

"போலீஸ் இன்ஸ்பெக்டர்" என்றார் அவர். "அந்தக் கடைசி வரிசைத் தம்பி, முன்னாடி இருக்கிற பொண்ணோட பென்சில் டப்பாவைத் திருப்பிக் குடுத்துடுங்க. நானும் பத்து நிமிஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

கேப்டனின் கை அந்தரத்தில் நின்றது.

"நாலு!"

அப்பா எழுந்தார். மேடைப் பலகை ஒருமுறை முனகியது. "குழந்தைகள் வார்டுல நர்ஸ்" என்றார்.

எங்கோ ஒருவன், "நர்ஸா?" என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் ஏ பிரிவு வெடித்தது. "நர்ஸ்! நர்ஸ்! நர்ஸ்!" என்று மேசையைத் தட்டினார்கள். அந்த நிமிடத்தில் அந்தக் கட்டடத்தில் அதைவிட இனிப்பான சொல் வேறு இல்லை. இருக்காதா பின்னே? ஒரு தீயணைப்பு வண்டியின் எடை அதற்கு!

எல்லாரும் மைதானத்துக்கு ஓட, தராசு மட்டும் முக்காலியை விட்டு எழவில்லை. அப்பா பக்கத்தில் வந்து முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா நான் இன்ஸ்பெக்டரா? எனக்கே சொல்லலையே. ஒரு தொப்பியாவது போட்டிருப்பேன்."

"கோவமாப்பா?"

அப்பா யோசித்தார். "கொஞ்சம் வலிச்சுது. ஊசி போட்ட மாதிரி. நீ மைக்கைப் பிடிச்சப்பவே போயிடுச்சு." கையை உரசி அவள் கன்னத்தில் வைத்தார். "போ, வண்டி கிளம்பிடும்."

மேடைப் படிக்கட்டில் ஆறாம் நம்பர் வாசலைப் பார்த்திருந்த ஷூவுக்குள் குனியாமலே காலை நுழைத்தார். மைதானத்தில் ஒரே தாவலில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். "கால் மணி நேரம்தான், அப்புறம் ஸ்டேஷனுக்குத் திரும்பணும்" என்றார். ஏ பிரிவு ஏறியது. "ஊஊஊஊ" என்று சைரன் அலறியது, அதைவிடச் சத்தமாக ரேடியோ அலறினான். மரத்திலிருந்த காகங்கள் வேறு ஊர் பார்க்கப் போய்விட்டன.

சுற்று முடிந்து இறங்கும்போது பி பிரிவு ஓரமாக நின்றிருந்தது. கேப்டன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

தராசு ஓட்டுநரின் ஜன்னல் பக்கம் போனாள். "ஆன்ட்டி, கால் மணி நேரம்னு சொன்னீங்க. இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு. ஒரு ரவுண்டுக்கு நாலு நிமிஷம்தான் ஆச்சு."

"ஜெயிச்ச கிளாஸுக்கு மட்டும்னுதானே பேச்சு?"

"ஆமா ஆன்ட்டி. அதனால அவங்களுக்கு சைரன் வேணாம். ரவுண்டு மட்டும்."

"சைரன் இல்லாமயா?" என்று கேப்டன் ஓடி வந்தான். "பாதி சைரன்?"

"பழக்கடைக்காரி பொண்ணு பேச்சுன்னு சொன்னியே, இப்ப மட்டும் கேக்குதா?" என்றாள் தராசு. கேப்டனின் காது வண்டியின் நிறத்துக்கு வந்தது. அவள் ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "சரி, பெரிய கேட்டுக்கிட்ட திரும்புறப்ப ஒரே ஒரு தடவை. முடிச்சுக்கலாமா ஆன்ட்டி?"

ஓட்டுநர் பின்னல் பையை நகர்த்தி இடம் பண்ணினார். "உங்கிட்ட பழம் வாங்க வரவே மாட்டேன்மா. ஏறச் சொல்லு!"

வண்டி மறுபடி கிளம்பியது. ரேடியோ மெல்ல நடந்து தராசின் அப்பாவிடம் போனான். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று உரசிக்கொண்டு கையை நீட்டினான்.

"அங்கிள், அடுத்த வாரம் எனக்குத் தடுப்பூசி. பயமெல்லாம் இல்ல. சும்மா கேக்குறேன், உங்க வார்டுலேர்ந்து யாராவது தப்பிச்சு ஓடியிருக்காங்களா?"

அப்பா மீசையை முறுக்கிக்கொண்டே அவன் கையைப் பிடித்தார். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்ல."